பயன்படுத்திய ஜப்பானிய பேஸ் கிட்டார்: வாங்கல் விற்றலின் வரலாறு

ஜப்பானில் தயாரிக்கப்பட்டு, ஒருவர் வாசித்த பிறகு மறுவிற்பனைக்கு வரும் மின் பேஸ் கிட்டார்களுக்கு உலக இசைக்கருவிச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. 1960களில் இவை மலிவுச் சரக்காகக் கருதப்பட்டன. 1970களில் அமெரிக்கக் கருவிகளின் நகல் என்று இகழப்பட்டன. இன்று அதே கருவிகளை இசைக்கலைஞர்கள் தேடிப்பிடித்து வாங்குகின்றனர். இம்மாற்றத்துக்குத் தொழிலாளர்களின் கைத்திறன் முதன்மையான காரணம். ஆனால் ஒரு நீதிமன்ற வழக்கு, நாணய மாற்று மதிப்பு, மரவணிகம் குறித்த பன்னாட்டு உடன்படிக்கை ஆகியவையும் இதில் பங்கு வகித்தன. இவ்வரலாற்றை அறியாதவர் ஒரு பழைய கருவிக்கு உரிய விலையைவிட மிகுதியாகக் கொடுக்கலாம். தன்னிடமுள்ள நல்ல கருவியைக் குறைந்த விலைக்கு விற்றும்விடலாம்.

கருவியின் அமைப்பு

பேஸ் கிட்டார் இசைக்குழுவின் கீழ்ச்சுரங்களை ஒலிக்கும் கருவியாகும். பொதுவாக நான்கு கம்பிகள் கொண்டது. தடித்த கம்பியின் அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 41. இவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தருவதற்குக் கம்பியின் நீளமும் தடிமனும் கூடுதலாக இருக்க வேண்டும். பெரும்பாலான பேஸ் கிட்டார்களில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம் ஆகும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' இவ்வகைக் கருவிகளுள் பெருமளவில் விற்பனையான முதற்கருவி. அதுவரை வழக்கில் இருந்த டபுள் பேஸ் ஆளுயரத்துக்கு மேற்பட்டது. தூக்கிச் செல்வது கடினம். முரசொலிக்கு நடுவே அதன் ஒலி அமுங்கிவிடும். புதிய கருவியின் விரல்பலகையில் ஃப்ரெட் கம்பிகள் பதிக்கப்பட்டிருந்ததால் சுரம் பிசகாமல் வாசிக்க முடிந்தது. பிரிசிஷன் என்னும் பெயரும் அதனால் வந்ததே. 1960-இல் 'ஜாஸ் பேஸ்' வெளியானது.

ஃபெண்டர் தம் கருவியின் கழுத்துப் பகுதியை உடலோடு ஒட்டாமல், நான்கு திருகாணிகளால் பொருத்தினார். கழுத்து பழுதானால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். உற்பத்தியும் எளிதாயிற்று. ஆனால் இந்த எளிமையே பிற்காலத்தில் பழைய கருவிச் சந்தையின் பெரிய சிக்கலுக்கும் வழிவகுத்தது. ஒரு கருவியின் கழுத்தும் மற்றொரு கருவியின் உடலும் சில நிமிடங்களில் ஒன்றாகிவிடும்.

ஜப்பானில் தொடக்கம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் மின் கிட்டார் தயாரிப்பு தொடங்கியது. டெய்ஸ்கோ, கயாடோன் முதலிய நிறுவனங்கள் இதில் முன்னோடிகள். 1965-இல் அமெரிக்காவின் வென்சர்ஸ் குழு ஜப்பானில் நிகழ்ச்சிகள் நடத்தியபோது இளைஞரிடையே மின் கிட்டார் மோகம் பெருகியது. 'எலெக்ட்ரிக்' என்னும் சொல்லைச் சுருக்கி ஜப்பானியர் இதனை 'எரெகி' என்று அழைத்தனர். மின் கிட்டார் மாணவரைக் கெடுக்கும் என்று அஞ்சிய பல பள்ளிகள் அதற்குத் தடை விதித்தன.

மோகம் தணிந்ததும் பல சிறு நிறுவனங்கள் நலிந்தன. டெய்ஸ்கோவை 1967-இல் கவாய் நிறுவனம் வாங்கியது. நிலைத்து நின்றவை மரவேலை மரபுள்ள இரண்டு ஊர்களைச் சேர்ந்த தொழிற்சாலைகள் ஆகும். ஒன்று ஹமாமட்சு. 1887-இல் தொடங்கிய யமஹா நிறுவனமும், 1947-இல் தோன்றிய டோக்காய் நிறுவனமும் அவ்வூரைச் சேர்ந்தவை. மற்றொன்று நகானோ மாகாணத்தின் மட்சுமோட்டோ. ஃபுஜிஜென் தொழிற்சாலை 1960-இல் அங்கே தொடங்கப்பட்டது. தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்துவந்த மட்சுமோகு என்னும் தொழிற்சாலையும் கிட்டார் தயாரிப்புக்குத் திரும்பியது.

இந்தத் தொழிற்சாலைகள் தம் பெயரில் மட்டும் கருவி செய்யவில்லை. வணிக நிறுவனங்கள் கேட்ட பெயரைப் பொறித்தும் கொடுத்தன. நகோயாவின் ஹோஷினோ நிறுவனம் 'ஐபனெஸ்' என்ற பெயரிலும், தோக்கியோவின் கண்டா ஷோகாய் 'கிரெக்கோ' என்ற பெயரிலும் விற்ற பல கருவிகள் ஃபுஜிஜெனில் உருவானவை. ஆகவே பழைய ஜப்பானியக் கருவியை மதிப்பிடுவோர் தலைப்பகுதியில் உள்ள பெயரோடு நின்றுவிடாமல், அது எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது என்றும் விசாரிக்கின்றனர்.

நகல்களும் 1977 வழக்கும்

1965-இல் ஃபெண்டர் நிறுவனம் சிபிஎஸ் என்னும் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதன்பின் கருவிகளின் தரம் குறைந்துவிட்டது என்னும் மனக்குறை இசைக்கலைஞரிடையே வளர்ந்தது. இக்காலத்தில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் பழைய அமெரிக்கக் கருவிகளை அளந்து, அவற்றைப் போன்றே செய்யத் தொடங்கின. தொடக்க நகல்களில் வடிவம் மட்டுமே ஒத்திருந்தது. 1970களின் பிற்பகுதியில் மரமும் கம்பிச்சுருளும் இணைப்பு நேர்த்தியும் மேம்பட்டன. டோக்காய் நிறுவனத்தின் 'ஹார்ட் பஞ்சர்', 'ஜாஸ் சவுண்ட்' ஆகியவை அக்காலத்து பேஸ் நகல்களுள் புகழ்பெற்றவை.

1977-இல் கிப்சன் கிட்டார்களின் உரிமை நிறுவனமான நார்லின், ஐபனெஸ் கருவிகளை அமெரிக்காவில் விநியோகித்த எல்கர் நிறுவனத்தின் மீது பிலடெல்பியாவில் வழக்குத் தொடர்ந்தது. கிட்டாரின் தலைப்பகுதி வடிவத்தை நகலெடுத்தது பற்றியது அவ்வழக்கு. தீர்ப்பு வரும் முன்னரே 1978-இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

இச்சிறு வழக்கு பழைய கருவிச் சந்தையில் பெரிய சொல்லாக வளர்ந்தது. 1970களில் செய்யப்பட்ட எந்த ஜப்பானிய நகலையும் 'லாசூட்' கிட்டார் என்று விளம்பரப்படுத்தி விலையை ஏற்றுவது விற்பவர்களின் வழக்கமாகிவிட்டது. அமெரிக்க நிறுவனமே அஞ்சி நீதிமன்றம் செல்லும் அளவுக்குச் சிறந்த கருவி என்பது இதில் மறைந்திருக்கும் பொருள். உண்மையில் வழக்கு கிப்சன் தலைப்பகுதியைப் பற்றியது. ஃபெண்டர் வடிவில் அமைந்த பேஸ் கிட்டார்களுக்கு அதனோடு தொடர்பில்லை. ஐபனெஸ் தவிர்த்த பிற ஜப்பானியப் பெயர்களும் அதில் இடம்பெறவில்லை. வழக்கு ஒரு வடிவத்தை எதிர்த்தது. கருவியின் தரத்துக்குச் சான்று வழங்கவில்லை. அச்சொல்லுக்காகக் கூடுதல் பணம் கேட்கப்படும்போது வாங்குபவர் இதனை நினைவில் கொள்வது நன்று.

சொந்த வடிவங்கள்

நகல் காலத்தின் இறுதியிலேயே ஜப்பானிய நிறுவனங்கள் தமக்குரிய வடிவங்களை உருவாக்கின. யமஹாவின் பிபி வரிசை 1977-இல் வெளிவந்தது. பால் மெக்கார்ட்னி அவ்வரிசையின் பிபி-1200 கருவியை வாசித்தார். ஐபனெஸ் 'மியூசிஷன்' வரிசையை வெளியிட்டது. 1987-இல் மெல்லிய கழுத்தும் எடை குறைந்த உடலும் கொண்ட 'சவுண்ட்கியர்' வரிசை வந்தது. மட்சுமோகு தயாரித்த ஏரியா புரோ டூ எஸ்பி வரிசையை டுரான் டுரான் குழுவின் ஜான் டெய்லரும் மெட்டாலிகா குழுவின் கிளிஃப் பர்ட்டனும் பயன்படுத்தினர். இவ்வரிசைகளில் கழுத்து, உடலின் பின்முனை வரை ஒரே தொடர்ச்சியாகச் செல்லும் கருவிகளும் உண்டு. அவற்றில் கழுத்தை மாற்ற முடியாது. அதனால் போலி இணைப்பு பற்றிய ஐயம் குறைவு. ஆனால் கழுத்து வளைந்தால் பழுதுபார்ப்பது கடினம்.

ஃபெண்டர் ஜப்பான்

நகல்களின் போட்டியைச் சமாளிக்க ஃபெண்டர் நிறுவனம் 1982-இல் கண்டா ஷோகாய், யமானோ கக்கி ஆகிய ஜப்பானிய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து 'ஃபெண்டர் ஜப்பான்' நிறுவனத்தைத் தொடங்கியது. தயாரிப்புப் பொறுப்பு ஃபுஜிஜெனுக்குக் கிடைத்தது. நேற்றுவரை நகல் செய்த கைகளே இப்போது உரிமத்தோடு அசல் பெயரைப் பொறித்தன. ஜேவி என்னும் எழுத்துகளோடு தொடங்கும் எண் கொண்ட முதல் தொகுதிக் கருவிகள் இன்று மிகவும் விரும்பப்படுகின்றன. 'ஸ்கொயர்' என்னும் மலிவு வரிசையும் அதே தொழிற்சாலையில் தொடங்கியது. அதனால் அத்தொடக்கக் காலத்து ஸ்கொயர் கருவிகளுக்கும் நல்ல விலை உண்டு.

1985-இல் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை அதன் நிர்வாகிகள் அடங்கிய குழுவினருக்கு விற்றது. அமெரிக்கத் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. கலிபோர்னியாவின் கொரோனா நகரில் புதிய தொழிற்சாலை வளரும் வரை, ஃபெண்டர் என்ற பெயரைத் தாங்கி நின்றவை பெரும்பாலும் ஜப்பானியக் கருவிகளே.

நாணய மதிப்பின் பங்கு

1985 செப்டம்பர் 22 அன்று நியூயார்க்கின் பிளாசா விடுதியில் ஐந்து நாடுகள் டாலரின் மதிப்பைக் குறைக்க உடன்பட்டன. அதற்கு முன் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 240 யென் கிடைத்தது. 1987-இன் இறுதியில் ஏறத்தாழ 120 யென் மட்டுமே கிடைத்தது. ஓர் எளிய கணக்கு இதன் விளைவைக் காட்டும். 75,000 யென் மதிப்புள்ள கருவி முன்பு 312 டாலருக்குச் சமம். இரண்டே ஆண்டுகளில் அது 625 டாலருக்குச் சமமாயிற்று. தொழிற்சாலையில் எதுவும் மாறவில்லை. ஆயினும் அமெரிக்க வணிகரின் கண்ணில் விலை இரட்டித்துவிட்டது.

இதனால் மலிவு வரிசைகளின் தயாரிப்பு கொரியாவுக்கு நகர்ந்தது. மட்சுமோகு தொழிற்சாலை 1987-இல் மூடப்பட்டது. ஜப்பானில் செய்யப்பட்டது என்னும் முத்திரை, மலிவின் அடையாளமாக இருந்த நிலை நீங்கி உயர்தரத்தின் அடையாளமாகத் தொடங்கியதும் இக்காலத்திலேயே.

யென் வலுவாக இருந்த அந்த ஆண்டுகளில் ஜப்பானியர் அமெரிக்காவிலிருந்து பழைய ஃபெண்டர், கிப்சன் கருவிகளை வாங்கிக் குவித்தனர். பின்னர் காற்று எதிர்த்திசையில் வீசியது. 2024-இல் ஒரு டாலருக்கு 160 யென்னுக்கு மேல் சென்ற நிலையில், வெளிநாட்டினர் தோக்கியோவுக்கு வந்து ஜப்பானியக் கருவிகளை வாங்கிச் செல்வது பெருகியது.

ஜப்பானின் பழைய பொருள் சந்தை

தோக்கியோவின் ஒச்சனோமிசு பகுதி இசைக்கருவிக் கடைகளுக்குப் பெயர்பெற்றது. ஒரே தெருவில் வரிசையாகப் பல கடைகளில் புதிய கருவிகளும் பழையவையும் தொங்கும். 1990களில் 'ஹார்ட் ஆஃப்' போன்ற பழைய பொருள் கடைத்தொடர்கள் நாடெங்கும் பரவின. அங்கே 'ஜங்க்' என்று குறிக்கப்பட்ட பிரிவில் உள்ள பொருட்களுக்கு எந்த உறுதியும் கிடையாது. வேலை செய்தால் வாங்கியவரின் நற்பேறு. இணைய ஏலம் 1999-க்குப் பின் வளர்ந்தபோது, குறைகூறலும் கூடாது திருப்பித் தருதலும் கூடாது என்னும் பொருள்படும் வாசகத்தை விற்பவர்கள் வழக்கமாக எழுதத் தொடங்கினர்.

கடைவழி வணிகத்துக்கு 1949-ஆம் ஆண்டின் பழைய பொருள் வணிகச் சட்டம் பொருந்தும். வணிகர் மாகாணப் பொதுப் பாதுகாப்பு ஆணையத்திடம் உரிமம் பெற வேண்டும். 10,000 யென் அல்லது அதற்கு மேற்பட்ட பொருளை வாங்கும்போது விற்பவரின் அடையாளத்தைச் சரிபார்த்து ஏட்டில் பதிய வேண்டும். திருட்டுப் பொருள் கைமாறுவதைத் தடுப்பதே நோக்கம். தெருவில் களவுபோன கிட்டார் கடைக்கு வந்தால், கொண்டுவந்தவரின் பெயர் ஏட்டில் இருக்கும்.

2006-இல் இச்சந்தை ஒரு நெருக்கடியைச் சந்தித்தது. மின்பொருள் பாதுகாப்புச் சட்டம் ஒன்றின் சலுகைக் காலம் அவ்வாண்டு மார்ச்சில் முடிந்தது. அதன்படி, புதிய பாதுகாப்பு முத்திரை இல்லாத பழைய மின்கருவிகளை வணிகர்கள் விற்க இயலாது. பேஸ் கிட்டார் நேரடியாக மின்செருகியில் இணைக்கப்படாததால் தப்பித்தது. ஆனால் அது ஒலிப்பதற்குத் தேவையான பழைய ஆம்ப்ளிஃபயர்களும் மின்னிசைப் பெட்டிகளும் அகப்பட்டன. இசையமைப்பாளர் ரியூயிச்சி சகமோட்டோ உள்ளிட்டோர் கையெழுத்து இயக்கம் நடத்தினர். அதன்பின் அரசு, அரிய பழைய கருவிகளுக்கு விதிவிலக்கு அளித்தது.

ஈட்டி மரமும் எல்லை கடத்தலும்

விரல்பலகைக்குப் பயன்படும் மரங்களுள் ஒன்று ஈட்டி மரம். தோதகத்தி என்றும் இது அழைக்கப்படும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் இம்மரம், அருகிவந்த பிரேசில் ஈட்டி மரத்துக்கு மாற்றாக உலகின் கிட்டார் தொழிற்சாலைகளுக்குச் சென்றது. பிரேசில் மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992 முதல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. 2017 ஜனவரி 2 முதல் ஈட்டி இனம் முழுவதும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. அதனால் ஒரு பழைய பேஸ் கிட்டாரை வெளிநாட்டுக்கு விற்பதற்கும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. தனியாள் விற்பனை பெரிதும் தடைபட்டது. 2019 நவம்பர் 26 முதல் முழுமையாகச் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. பிரேசில் ஈட்டி மரத்துக்கு இந்த விலக்கு இல்லை.

எண்களைப் படித்தல்

பழைய கருவியின் வயதை அறியத் தொடர் எண் உதவும். ஆனால் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே விதி கிடையாது.

ஃபுஜிஜெனில் செய்யப்பட்ட 1970களின் பிற்பகுதி ஐபனெஸ் கருவிகளில் முதல் எழுத்து மாதத்தையும் அடுத்த இரு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். ஆங்கில அகரவரிசையின் எட்டாம் எழுத்தும் 79-உம் இருந்தால் அது 1979 ஆகஸ்ட். ஃபெண்டர் ஜப்பான் கருவிகளில் எழுத்து ஒரு காலப்பகுதியை மட்டும் காட்டும். மேலும் அங்கே ஒரு பொறி உள்ளது. 1980களில் பயன்பட்ட சில எழுத்துகள் 1997-க்குப் பின் மீண்டும் பயன்பட்டன. முன்னவற்றில் 'மேட் இன் ஜப்பான்' என்றும், பின்னவற்றில் 'கிராஃப்டட் இன் ஜப்பான்' என்றும் இருக்கும். இவ்வேறுபாட்டைக் கவனிக்காதவர் பத்தாண்டுக்கு மேல் தவறாகக் கணிப்பார். 1970களின் பல நகல்களில் தொடர் எண்ணே இல்லை.

மாதிரிப் பெயரும் தகவல் தரும். 'ஜேபி62-75' என்றால் 1962 பாணி ஜாஸ் பேஸ், ஜப்பானில் புதிதாக விற்ற விலை 75,000 யென் என்று பொருள். இறுதி எண் உயர்ந்தால் மரம், மெருகு, பிக்கப் ஆகியவற்றின் தரமும் உயரும். ஆகவே ஒரே வடிவிலுள்ள இரு கருவிகளின் மறுவிற்பனை விலை வேறுபடுவதில் வியப்பில்லை.

நான்கு திருகாணிகளைக் கழற்றினால் கழுத்தின் அடியில் தேதியோ குறியீடோ காணப்படலாம். கழுத்தும் உடலும் ஒரே கருவியைச் சேர்ந்தவையா என்பதை அறிய இது உதவும். ஜப்பானியக் கழுத்தில் அமெரிக்க முத்திரையை ஒட்டி விற்கும் மோசடியும் உண்டு. பளபளப்பான மெருகின் மேல் முத்திரை தனியாகப் படிந்திருப்பது ஐயத்துக்கு இடம் தரும்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

நான்கு கம்பிகளின் மொத்த இழுவிசை 70 கிலோவுக்கும் மேல். அந்த இழுவையைப் பல பத்தாண்டுகள் தாங்கிய கழுத்தே முதலில் பார்க்க வேண்டியது. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்தினால், நடுவில் ஒரு முகவரி அட்டையின் தடிமன் அளவு இடைவெளி இருப்பது நல்லது. அதிகமாக வளைந்திருந்தால் கழுத்தின் உள்ளே உள்ள டிரஸ் ராட் என்னும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். அத்திருகு இறுதிவரை முடுக்கப்பட்டிருந்தால் மேலும் சரிசெய்ய வழியில்லை. பழைய பாணிக் கருவிகளில் அத்திருகு உடலின் பக்கம் அமைந்திருக்கும். சோதிக்கக் கழுத்தைக் கழற்ற வேண்டியிருப்பதால் பலர் அதைச் சோதிப்பதில்லை. கழுத்து கயிறுபோல் முறுகியிருந்தால் வாங்காமல் விடுவதே மேல்.

அடுத்து ஃப்ரெட் தேய்மானம். கம்பி பதிந்த பள்ளங்கள் சிறியவையாயின் தேய்த்துச் சமப்படுத்தலாம். ஆழமாயின் ஃப்ரெட்டுகளையே மாற்ற வேண்டும். அச்செலவை விலையில் கழித்துப் பேசலாம். ஒலிக் குமிழைத் திருப்பும்போது கேட்கும் கரகரப்பு சிறு குறை. சுத்தம் செய்தாலே போகும். பிக்கப் ஒலிக்காதது பெரிய குறை. அதன் சுருள் அறுந்திருக்கலாம். எல்லாக் கம்பிகளையும் எல்லா ஃப்ரெட்டுகளிலும் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது எளிய, முழுமையான சோதனை.

விற்பவரின் பொறுப்பு

பழைய கருவியின் விலையில் பெரும்பகுதி அதைப் பற்றிச் சொல்லப்படும் செய்திக்கு உரியது. எனவே மாற்றப்பட்ட பாகங்களைக் குறிப்பிடுவது விற்பவரின் கடமை. பிக்கப் மாற்றியவர் பழைய பிக்கப்பைக் கருவியோடு சேர்த்துக் கொடுத்தால் மதிப்பு குறையாமல் நிற்கும். தொடர் எண், கழுத்தின் அடி, ஃப்ரெட்டுகள், கீறல்கள் ஆகியவற்றின் படங்களை மறைக்காமல் காட்டுவது பின்னர் வரும் சச்சரவைத் தவிர்க்கும். தொலைவிடத்துக்கு அனுப்பும்போது கம்பிகளைச் சற்றுத் தளர்த்தி, தலைப்பகுதிக்கும் கழுத்துக்கும் அடியில் மெத்தை வைத்து, உறுதியான பெட்டியில் அனுப்ப வேண்டும்.

இன்றைய நிலை

1980களின் ஜப்பானிய பேஸ் கிட்டார்கள் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யப்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை அருமையால் விலைபோவதில்லை. வாசிக்கத் தகுந்தவையாக நிலைத்திருப்பதால் விலைபோகின்றன. ஃபுஜிஜென் இன்றும் தன் பெயரிலேயே கருவிகள் செய்துவருகிறது. மட்சுமோகு மூடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அதன் கருவிகளுக்கு உரிய பாகம் வேண்டுமெனில், பழுதான வேறொரு மட்சுமோகு கருவியிலிருந்தே பெரும்பாலும் எடுக்க வேண்டியுள்ளது. ஒலிக்காத பழைய கருவிக்கும் இச்சந்தையில் ஒரு விலை இருப்பது இதனால்தான்.